முன்னாடி நாலு பாட்டில், பின்னாடி காலி: மளிகைக் கடையில காசு சுத்துற கதை

எங்க தெருமுனையில ஒரு மினி சூப்பர் மார்க்கெட் திறந்தாங்க, ஏசி, கண்ணாடிக் கதவு, கூடை, தள்ளுவண்டி எல்லாம் வெச்சு ஜோரா. ஏழெட்டு மாசத்துல மூடிட்டாங்க. மூடப்போறாங்கன்னு எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும், ஜோசியம்லாம் இல்ல, ஷாம்பு எடுக்க கைய விட்டேன், ரேக்கோட முன் விளிம்புல வரிசையா நாலு பாட்டில், அதுக்கு பின்னாடி வெறும் அட்டைப்பெட்டி. வாசல்ல ஏஜென்சி சேல்ஸ்மேன் ஒருத்தர் பைக்ல உக்காந்து ஓனருக்காக காத்துட்டு இருந்தார், ஆர்டர் எடுக்க வரல, பழைய பில்லுக்கு காசு வாங்க வந்திருக்கார். அதே தெருவுல அண்ணாச்சி கடை முப்பது வருஷமா ஓடிட்டு இருக்கு, ஃபேன் கூட ஒழுங்கா சுத்தாது.

வியாபாரம் ஆகலன்னு சொல்லிட்டு போயிடலாம், ஆனா அங்க கூட்டம் நல்லாவே வந்துச்சு. அடி வாங்கினது ரொட்டேஷன்ல, அதாவது போட்ட காசு சரக்காகி திரும்ப காசா வர்ற சுத்துல. மளிகை வியாபாரத்துல இருக்கிற யார்கிட்ட பேசினாலும் பத்து நிமிஷத்துல இந்த வார்த்தை வந்துடும்.

கணக்கு சின்னதுதான். கையில ஒரு லட்சம் முதல் இருக்கு, துவரம்பருப்பு வாங்கிப் போடுறீங்க, வாங்கின விலைக்கு மேல வெறும் 5 பர்சன்ட் வெச்சு விக்கிறீங்க, பத்து நாள்ல சரக்கு காலி. 5,000 ரூபா கிடைச்சுது, பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா அதே ஒரு லட்சம் திரும்ப பருப்பாகி திரும்ப காசாகி வருஷத்துக்கு 36 தடவை சுத்தும், அப்போ 1,80,000. இப்போ அதே காசுல ஆலிவ் ஆயில் வாங்குங்க, 25 பர்சன்ட் வைங்க, கேக்கவே ஆசையா இருக்கு, ஆனா அது விக்க ஆறு மாசம் ஆகுதுன்னா வருஷத்துக்கு ரெண்டே சுத்து, மொத்தம் 50,000. இதுக்கு நடுவுல எக்ஸ்பைரி ஆனா, பாட்டில் உடைஞ்சா அது தனி. நான் ஒருநாள் அண்ணாச்சிகிட்ட ஏன் ஆலிவ் ஆயில் வைக்கலன்னு கேட்டேன், "முதல் முடங்கிரும் தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு உளுந்து நிறுக்க போயிட்டார். மேல போட்ட கணக்கு மொத்தமும் அதுல இருக்கு.

ஜெர்மனியோட ஆல்டிங்கிற மலிவு விலை சூப்பர் மார்க்கெட் கம்பெனி இதை ஒரு வெறியாவே பண்ணுச்சு. ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்ல 30,000 வகை சாமான் இருக்கும்னா ஆல்டியில ரெண்டாயிரத்துக்குள்ளதான், கெட்சப் வேணும்னா ஒண்ணோ ரெண்டோ, எடுத்துக்கோ போ. வகை குறைஞ்சா ஒவ்வொரு வகையும் மலையா விக்கும், அப்படி விக்கிறவன் சப்ளையர்கிட்ட அடிச்சுப் பேசி விலைய குறைக்கலாம், அட்டைப்பெட்டியோட அப்படியே ரேக்குல வெச்சா அடுக்குற கூலியும் மிச்சம்.

சரி, இப்போதான் விஷயமே. இதுவரைக்கும் நம்ம கைக்காசுல சரக்கு வாங்கினதா வெச்சு பேசினோம், நிஜத்துல ஏஜென்சிக்காரங்க கடன்ல போட்டுட்டு போவாங்க, 21 நாள்ல குடுத்தா போதும்னு வைங்க. சரக்கு பத்து நாள்ல வித்துடுது. மிச்சம் 11 நாள் அந்தக் காசு உங்க கல்லாவுல சும்மா இருக்கு, வட்டி இல்லாத அடுத்தவன் காசு. ஒரு கடைக்கு இது சில்லறை, நூறு கடைக்கு கோடிக்கணக்குல வரும். இதை எடுத்து புதுக் கடைக்கு அட்வான்ஸ் குடுப்போமா, ரேக் அடிப்போமான்னு கை அரிக்கும். ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டு கட்டுறவங்கள பாத்திருப்பீங்கல்ல, அதே கதைதான், மாசாமாசம் புது சீட்டு கிடைக்கிற வரைக்கும் ஆளு ராஜா மாதிரி இருப்பார்.

சுபிக்ஷா ஞாபகம் இருக்கா? 1997-ல சென்னை திருவான்மியூர்ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவர் ஆர். சுப்ரமணியன், ஐஐடி, ஐஐஎம் படிச்சவர். ஐடியா அட்டகாசம், ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, வீட்டுப் பக்கத்துலயே சின்னக் கடை, மளிகை, காய்கறி, மருந்து எல்லாம் எம்ஆர்பிக்கு கீழ. அந்தக் காலத்துல எம்ஆர்பிக்கு கீழ மருந்து விக்கிறதே பெரிய ஆச்சரியம். தமிழ்நாட்டுக்குள்ள 150 கடை பக்கம் வளர்ற வரைக்கும் நல்லாதான் போச்சு. அப்புறம் 2006-க்கு மேல நாடு முழுக்க பாய்ஞ்சாங்க, ரெண்டு மூணு வருஷத்துல 1,600 கடை, செல்போனும் விக்க ஆரம்பிச்சாங்க, பெரும்பாலும் கடன் வாங்கித்தான் இந்த ஓட்டம். 2008-ல உலகம் பூரா பணத்தட்டுப்பாடு, புதுசா கடன் கிடைக்கல. 2009 ஆரம்பத்துல கடைங்க மூடியாச்சு, சம்பளம் பாக்கி, வாடகை பாக்கி, சப்ளையருக்கும் பாக்கி.

இவ்வளவு வேகமா விழுந்தது ஏன்னா, மேல போனப்ப தள்ளிவிட்ட அதே சுத்துதான் கீழ வர்றப்பவும் தள்ளும், திசைதான் தலைகீழ். சப்ளையருக்கு ஒரு வாரம் காசு லேட், அவர் சரக்கை நிறுத்துவார், ரேக்குல ஓட்டை விழும். பருப்பு இருக்கு எண்ணெய் இல்லன்னா கஸ்டமர் பருப்பையும் வாங்கமாட்டாங்க, ரெண்டும் கிடைக்கிற இடத்துக்கு போயிடுவாங்க, அதனால பத்து சாமான் இல்லன்னா பத்து சாமானோட விற்பனை மட்டும் போகாது, கூடையோட போகும். கல்லா சுருங்கும், அடுத்த சப்ளையருக்கும் லேட் ஆகும், அவரும் நிறுத்துவார். வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி கரெக்டா வந்து நிக்கும். அதுவும் ஏஜென்சிக்காரங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க, டீக்கடையில பேசிக்குவாங்க, ஒருத்தர் நிறுத்துனா மறுநாள் அஞ்சு பேர் நிறுத்துவாங்க.

இதே காலத்துல மும்பையில ராதாகிஷன் தமானின்னு ஒரு பங்குச்சந்தைக்காரர் 2002-ல பவாய்ல டிமார்ட் ஆரம்பிச்சார், அதே மலிவு விலைதான், ஆனா மத்ததெல்லாம் ஏறக்குறைய உல்டா. முடிஞ்சவரை கட்டிடத்தை சொந்தமா வாங்கி கடை வெச்சார். சப்ளையருக்கு மத்தவங்க இழுத்தடிக்கிற இடத்துல இவர் சீக்கிரமா செட்டில் பண்ணார், அதாவது அந்த வட்டியில்லாக் காசை தானே வேண்டாம்னு விட்டு, அதுக்கு பதிலா கம்மி விலைய வாங்கிக்கிட்டார், கம்மி விலைனால ரொட்டேஷன் ஏறிச்சு. சுபிக்ஷா 1,600 கடையோட நின்னப்ப டிமார்ட்கிட்ட முப்பது கடை கூட இல்ல, அப்போ யாராவது பாத்திருந்தா இவர மந்தம்னுதான் சொல்லியிருப்பாங்க, நானும் சொல்லியிருப்பேன். 2017-ல பங்கு 299 ரூபாய்க்கு வந்து முதல் நாளே ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. ஆனா ஒண்ணு, சொந்தக் கட்டிடம் வாங்க கையில மூலதனம் வேணும், பொறுமையும் வேணும், தமானிகிட்ட ரெண்டும் இருந்துச்சு, தெருமுனையில கடை போடுறவருக்கு அந்த அறிவுரைய சொல்லி பிரயோஜனம் இல்ல.

டிமார்ட்டுக்கும் இப்போ சூடு தெரியுது, 2024 அக்டோபர்ல பெருநகரக் கடைகள்ல ஆன்லைன் மளிகையோட பாதிப்பு தெரியுதுன்னு அவங்களே சொன்னாங்க. பத்து நிமிஷ டெலிவரிக்காரங்களோட கணக்கு வேற மாதிரி, சரக்கு வேகமா சுத்தும், ஆனா ஒவ்வொரு ஆர்டருக்கும் எடுத்து பேக் பண்ண ஒருத்தர், பைக்ல கொண்டு வர ஒருத்தர், தொண்ணூறு ரூபா ஆர்டருக்கும் அதே ஆள் அதே பெட்ரோல். அதான் இவ்வளவுக்கு மேல வாங்குனா டெலிவரி ஃப்ரீன்னு நம்மள ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது சேக்க வைக்கிறாங்க.

எங்க தெருமுனை மினி சூப்பர் மார்க்கெட் இருந்த இடமும் இப்போ அந்த டெலிவரிக்காரங்களோட டார்க் ஸ்டோர்தான், ஆன்லைன் ஆர்டருக்கு மட்டும் சரக்கு வெச்சிருக்கிற இடம், ஷட்டர் பாதி இறக்கியிருக்கும், வெளிய பத்து பைக் நிக்கும். பழைய பில்லுக்கு காத்திருந்த சேல்ஸ்மேன் இன்னமும் இந்தப் பக்கம் வர்றார், அண்ணாச்சி கடைக்கு.