பாயிண்டர் தானாக ஓடுகிறதா? முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள்

கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற என்னிடம் புது லேப்டாப்போடு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, "சார், தொடாமலே அம்புக்குறி ஓடுது, யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல." பயத்தில் சிலர் நெட்டில் கிடைத்த ஏதோ கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் போட்டு, எதிர்முனையில் இருப்பவர் சொன்ன ஆப்பை இறக்கி, கம்ப்யூட்டரையே அந்த ஆள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். பாயிண்டர் அடங்கிவிட்டதென்றால் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரையும் உங்கள் வீட்டு எர்த்தையும்தான். விரல் படும்போது உண்டாகிற மிகச் சிறிய மின் மாற்றத்தை வைத்துத்தான் டச்பேட் வேலை செய்கிறது. சார்ஜரிலிருந்து கசிகிற துளி மின்சாரம் எர்த்தில் இறங்க வழியில்லாமல் லேப்டாப் பாடியிலேயே நின்றால் டச்பேட் குழம்பிப் போய் பாயிண்டரை இங்கும் அங்கும் தூக்கிப் போடும். மெட்டல் பாடி என்றால் புறங்கையால் தடவும்போது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அதுவே நல்ல அடையாளம்.

மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், பல வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும். முடியவில்லையா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பேஸுக்கும் (மின்சாரம் வருகிற கம்பி) எர்த்துக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், ரொம்பக் குறைந்தால் எர்த் அறுந்திருக்கிறது. தேவனாம்பட்டினம், முதுநகர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று எர்த் கம்பியின் இணைப்பை அரித்துவிடும். ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிட்டு "சரியாயிடுச்சு" என்பவர்கள் உண்டு. என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால், அங்கே மாட்டியிருக்கிற பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பாடியில் முழு மின்சாரமும் வந்து நிற்கும். தொட்டால் உயிரே போகும்.

வயர்லெஸ் மவுஸ் திணறினால் காரணம் வேறு. யு.எஸ்.பி 3.0 ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் வேலை செய்யும்போது கிளம்புகிற ரேடியோ இரைச்சல் (காதில் கேட்காது) மவுஸ் பேசுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸோடு வந்த, யு.எஸ்.பி-யில் செருகுகிற சின்ன ரிசீவரை மறுபக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் செருகாமல் முன்பக்கம் செருகுங்கள், அல்லது சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேசைமேல் கொண்டுவாருங்கள். கண்ணாடி மேசையில் ஆப்டிகல் மவுஸ் தடுமாறும், கீழே ஒரு பேப்பர் வைத்தால் போதும். அப்புறம், வாங்கிய முதல் நாள் விண்டோஸ் பின்னணியில் அப்டேட் இறக்கிக்கொண்டே இருக்கும், அது முடிகிற வரை பாயிண்டர் விக்கி விக்கி நகர்ந்தால் பதற வேண்டாம்.

பேட்டரியில் ஓட்டும்போதும் டச்பேட் தானாக ஓடினால் அது லேப்டாப்பின் கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஓடுவதை மொபைலில் வீடியோ எடுத்து, மாற்றித் தருகிற கெடு முடிவதற்குள் பில்லோடு வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் வெளியில் யாரிடமும் கொடுத்துத் திறக்க விடாதீர்கள்.