‘தேச ஆளுமை’ வேண்டாம், ‘நாட்டுரு’ போதும்

அக்கா மகள் தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறாள். நாடுகளையே ஆட்களாக்கி வரையும் ஜப்பானியப் படக்கதைகள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தாள்: “பிரான்ஸுன்னு ஒருத்தன் இருக்கான் மாமா. எலெக்‌ஷன்ல பாதி சனம் இந்தப் பக்கம், பாதி சனம் அந்தப் பக்கம். அவன் யாருக்கு ஓட்டுப் போடுவான்?”

நல்ல கேள்வி. ஆனால் அவள் கூடவே நீட்டிய தமிழ்க் கட்டுரையின் தலைப்பு ‘தேச ஆளுமைகளின் பிளவுபட்ட அரசியல்’. ஏதோ கட்சித் தலைவர்கள் அடித்துக்கொண்ட கதை என்றே நினைத்தேன். நாட்டை ஆளாக்கிய பாத்திரங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பாதி படித்த பிறகுதான் பிடிபட்டது. இந்தத் ‘தேச ஆளுமை’ என் கண்ணில் படுவது இது முதல் தடவை இல்லை.

மூலச்சொல் ஆங்கிலத்தில் ‘பெர்சானிஃபிகேஷன்’. அதன் வேர் லத்தீனில் ‘பெர்சோனா’, நடிகன் மாட்டும் முகமூடி. நம் ஊர்க் கூத்தில் சொன்னால் வேஷம். ஆளல்லாத ஒன்றுக்கு ஆள் வேஷம் கட்டுவது, அவ்வளவுதான்.

இதற்கு எப்படி ‘ஆளுமை’ வந்தது? ‘பெர்சனாலிட்டி’க்கு ஆளுமை என்று அகராதியில் இருக்கிறது, பக்கத்துச் சொல்தானே என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஆளுமை என்பது ஒருவரிடம் இருக்கும் குணங்களின் தொகுப்பு. அந்த ஆளையே அது குறிக்காது. பிற்பாடு மேடைக்காரர்கள் ‘இலக்கிய ஆளுமை’, ‘இசை ஆளுமை’ என்று ஆளுக்கே சூட்டிப் பழக்கிவிட்டார்கள். சால்வை போர்த்தும் இடமெல்லாம் ஆளுமைதான். ஆக, ‘தேச ஆளுமை’ என்றதும் நமக்குத் தோன்றுவது ஒன்று காந்தியும் நேருவும், இல்லையேல் அந்த நாட்டு மக்களின் பொதுக் குணம். நாட்டுக்கே கைகால் முளைத்து நிற்கும் பாத்திரம் மட்டும் தோன்றவே தோன்றாது. போதாக்குறைக்கு அதன் பக்கத்தில் ‘பிளவுபட்ட’ என்று வைத்தால் மனநல மருத்துவரிடம் சீட்டு வாங்க வேண்டியதுதான்.

‘உருவகம்’ என்று சொல்வோரும் உண்டு. முகத்தாமரை உருவகம், தாமரை அங்கே எழுந்து ஓட்டுப் போடப் போவதில்லை. ‘தற்குறிப்பேற்றம்’ என்பது அதைவிடத் தூரம். மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடுவதை, ‘வராதீர்கள்’ என்று கோவலனுக்குக் கைகாட்டுவதாக இளங்கோ சொல்வது அது. அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் சொல்லலாம் என்று நன்னூல் எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. இலக்கணம் கையில் இருக்க, மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதல் வரியைத் தாண்டுவதில்லை.

இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். ‘இந்தியா வென்றது’ என்றால் வென்றது பதினொரு பேர். இது ஆகுபெயர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிறோமே, அங்கே இரண்டுபடுவதும் ஊர்ச் சனம்தான். ஊர் தாராளமாக இரண்டுபடலாம். அதையே ஓர் ஆளாக்கி நிறுத்தினால் அந்த ஒரே ஆள் எப்படி இரண்டுபடும்? அக்கா மகளின் கேள்வி இங்கேதான் நிற்கிறது. நாடு வேறு, அதன் வேஷம் வேறு என்று சொல் பிரித்துக் காட்டினால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

அதனால் செயலுக்கு ‘ஆளுருவாக்கம்’, பாத்திரத்துக்கு ‘நாட்டுரு’ என்கிறேன். உரு என்றால் வடிவம். யார் கையில் தூரிகையோ அவர் வரைவது. பிரான்சின் நாட்டுரு மரியான். 1848இல் குடியரசின் முத்திரைக்குப் பெண்ணுருவை வரைந்தபோது, புரட்சிக்காரர்களின் சிவப்புக் குல்லாவை விட்டுவிட்டுக் கதிர்க் கிரீடம் வைத்தார்கள். குல்லா வைத்தவள் ஒரு கட்சி, வைக்காதவள் ஒரு கட்சி. இங்கிலாந்தின் நாட்டுருவாக 1712இல் பிறந்த ஜான் புல்லைப் பிற்காலக் கேலிச் சித்திரங்களில் பாருங்கள்: ஒன்றில் வரி கட்ட முடியாமல் அழுவார், இன்னொன்றில் நெப்போலியனிடம் மார்தட்டுவார்.

பாரதி இந்தச் சிக்கலை ஒரே அடியில் தாண்டிவிட்டார். அவருடைய தாய்க்கு முகம் முப்பது கோடி, மொழி பதினெட்டு, சிந்தனை மட்டும் ஒன்று. அந்த ‘ஒன்று’ ஆசை. நிலவரம் தெரிய வேண்டுமானால் எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கு வாருங்கள். சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்த ஊர். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புமுன் 1925இல் சிவா அங்கேயே கண்மூடினார். இப்போது அரசு கட்டிய நினைவாலயத்தில் மாதா நிற்கிறாள். அது கோயிலா, நினைவாலயமா என்று மல்லுக்கட்டு. 2022 ஆகஸ்டில் பூட்டை உடைக்கும் வரை போனது. அவள் எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்டவர் யாருமில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா மகள், “அப்ப அவன் ரெண்டு பேருக்குமே போட்டுருவான் மாமா” என்றாள். பிரான்சில் இன்றும் பெரும்பாலும் காகிதச் சீட்டை உறையில் வைத்துத்தான் ஓட்டு. வேறு வேறு பெயருள்ள இரண்டு சீட்டு ஒரே உறையில் இருந்தால் செல்லாது என்றேன். “செல்லாட்டி என்ன, அவன் நாட்டுருதானே” என்று அவனை வைத்துக் கதை எழுதப் போய்விட்டாள்.