ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு கிரிப்டோ டொனேஷன் வந்தா: இந்தியால வரி எப்படி, அட்ரஸை எப்படி வெளில போடறது

ப்ராஜெக்ட்டோட ரீட்மீல (அறிமுக ஃபைல்ல) டொனேஷனுக்கு ஒரு பிட்காயின் அட்ரஸ் போட்டா பிரச்சனை ஆகுமான்னு டெவலப்பர்ஸ் நிறைய பேர் கேக்கறாங்க. ஆகாது. ரிசர்வ் பேங்க் 2018ல போட்ட தடையை சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச்ல ரத்து பண்ணிடுச்சு, 2022ல இருந்து வரிச் சட்டமே இருக்கு, 2025 அக்டோபர்ல சென்னை ஹைகோர்ட்டும் கிரிப்டோ ஒரு சொத்துதான்னு சொல்லிடுச்சு. கடைல குடுத்தா வாங்கியே ஆகணும்ங்கற பணம் இல்ல, அவ்ளோதான்.

வரி ரெண்டு இடத்துல வரும், காயின் கைக்கு வரும்போது ஒண்ணு, விக்கும்போது இன்னொண்ணு. (செக்ஷன் நம்பர் 1961 சட்டப்படி சொல்றேன், 2026 ஏப்ரல்ல இருந்து புது சட்டம், அதுல நம்பர் வேற.) பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காம ஒருத்தர் அனுப்பினா அது கிஃப்ட் கணக்கு, செக்ஷன் 56(2)(எக்ஸ்). ஒரு நிதியாண்டுல இப்படி வந்ததோட மொத்த மதிப்பு 50,000 ரூபாய்க்குள்ள இருந்தா வரி இல்ல. தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும்னு நினைக்காதீங்க, முழுசுக்கும் வரி: 48,000 வந்தா ஒண்ணும் இல்ல, 52,000 வந்தா 52,000மும் வருமானத்துல சேர்ந்து உங்க ஸ்லாப்படி கட்டணும். ஆனா 'இந்த பக்கை (கோட்ல இருக்கற பிழையை) சரி பண்ணுங்க, இவ்ளோ தரேன்'னு பேசி வாங்கினது, இல்ல காசு குடுத்தவங்களுக்கு முதல்ல சப்போர்ட்னு வெச்சிருந்தது, டொனேஷன்னு பேர் வெச்சாலும் தொழில் வருமானம்தான், 50,000 சலுகை அதுக்குக் கிடையாது. மாசாமாசம் ரெகுலரா வர்றதையும் டிபார்ட்மெண்ட் அப்படிப் பார்க்க வாய்ப்பிருக்கு.

விக்கும்போது செக்ஷன் 115பிபிஎச். லாபத்துக்கு 30%, அதுக்கு மேல 4% செஸ். வாங்கின விலையைத் தவிர சர்வர் செலவு, எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விக்கற கம்பெனி) ஃபீஸ் எதையும் கழிக்க முடியாது, ஒரு காயின் நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்துல கழிக்கவும் முடியாது, பிட்காயினை யுஎஸ்டிடியா (டாலர் மதிப்போட ஓடற காயின்) மாத்தினாலும் வித்த கணக்குதான். இதுல ஒரு சிக்கல் இருக்கு. வாங்கும்போதே வரி கட்டின கிஃப்ட்டுன்னா அப்போ போட்ட மதிப்பை வாங்கின விலையா காட்டலாம். 50,000க்குள்ள வரி இல்லாம வந்ததுக்கு, குடுத்தவர் என்ன விலைக்கு வாங்கினாரோ அதுதான் விலை, யாருன்னே தெரியாத ஆள்கிட்ட போய் பில் கேக்க முடியுமா? அப்போ விலை பூஜ்யம்னு வெச்சு முழுசுக்கும் 30% போடற நிலைமை வரலாம். எக்ஸ்சேஞ்ச் பிடிக்கற 1% டிடிஎஸ்ஸை மட்டும் ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம்.

இவ்ளோ வரியான்னு டெலிகிராம் க்ரூப்ல ஆள் பிடிச்சு யுஎஸ்டிடியை நேரா விக்கறாங்களே, அந்தப் பக்கமே போகாதீங்க. வாங்கறவன் அனுப்பற பணம் எங்கயோ ஒருத்தர்கிட்ட ஏமாத்தின பணமா இருந்தா, அவர் சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு புகார் குடுத்ததும் பணம் போன வழில இருக்கற அக்கவுண்ட் எல்லாம் ஃப்ரீஸ் ஆகும், உங்களுதும்தான், அப்புறம் வேற மாநில சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்கு மெயில் போட்டுக்கிட்டே உக்காரணும்.

அடுத்தது அட்ரஸை வெளில போடறது. இதுல ப்ரைவஸி வேணும், ஆனா ஊர் கண்ணுல இருந்து, வரி ஆஃபீஸ் கண்ணுல இருந்து இல்ல. பான் குடுத்துதான் எக்ஸ்சேஞ்ச்ல விக்கப்போறீங்க, 2023 மார்ச்ல இருந்து அவங்க எல்லாம் பணமோசடி தடுப்புச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. ஆனா ஒரே பிட்காயின் அட்ரஸை வருஷக்கணக்கா ரீட்மீல வெச்சா, உங்களுக்கு எவ்ளோ வந்துச்சு, எப்போ எடுத்தீங்கன்னு பேரோட சேர்த்து யார் வேணா பார்க்கலாம் (பிட்காயின் ட்ரான்ஸாக்ஷன் எல்லாமே பொதுவுல இருக்கும்), வீட்டுக்கதவுல பாஸ்புக்கை ஒட்டி வெச்ச மாதிரி. பிடிசிபே சர்வர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, அதை நீங்களே ஓட்டினா குடுக்கற ஒவ்வொருத்தருக்கும் புது அட்ரஸ் வரும். சர்வர்ல எக்ஸ்பப் (புது அட்ரஸ் உருவாக்க மட்டும் உதவற பொது கீ) மட்டும் இருந்தா போதும், காயினை அனுப்ப வேண்டிய ப்ரைவேட் கீ ஹார்டுவேர் வாலட்லயே (அதைப் பத்திரமா வெக்கற தனி சாதனம்) இருக்கட்டும், சர்வரை ஹேக் பண்ணினாலும் இருக்கற காயினை எடுக்க முடியாது. அந்த எக்ஸ்பப்பையும் வெளில விடாதீங்க, அது ஒண்ணு கிடைச்சா உங்க எல்லா அட்ரஸும் தெரிஞ்சிடும். டொனேஷன் வாலட்டும் சொந்த சேமிப்பு வாலட்டும் வேற வேறயா இருக்கட்டும், ரெண்டையும் ஒரே ட்ரான்ஸாக்ஷன்ல சேர்த்து அனுப்பிட்டா ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு காட்டிக்குடுத்துடும். யாருக்கு எவ்ளோ போச்சுன்னு மறைக்கற மொனேரோங்கற காயின்ல இந்தத் தொல்லை எதுவும் இல்ல, ஆனா இந்தியால அதை ரூபாயா மாத்தறது பெரிய பாடு, அதனால நான் சொல்றது பிட்காயின்தான்.

சீட் வார்த்தைகளை (வாலட்டை மீட்டெடுக்கற ரகசிய வார்த்தைகள்) பேப்பர்ல எழுதுங்க, போட்டோ எடுக்காதீங்க, இது தெரிஞ்ச விஷயம். டெவலப்பர் யோசிக்க வேண்டியது அட்ரஸை யாராவது மாத்திட்டா என்ன பண்றதுன்னு. 2025 செப்டம்பர்ல ஒரு மெயின்டெய்னரை (ப்ராஜெக்ட்டைப் பராமரிக்கறவர்) போலி மெயில்ல ஏமாத்தி, ஜாவாஸ்கிரிப்ட் கோடு பகிர்ற என்பிஎம் தளத்துல சாக், டீபக் மாதிரி பிரபல பேக்கேஜ்லயே கோடு நுழைச்சாங்களே, அது பிரவுசர்ல வாலட் அட்ரஸை மாத்தற கோடுதான். அதனால டொனேஷன் பேஜ்ல தேவையில்லாத ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம், அட்ரஸோ லிங்க்கோ இருக்கற ஃபைலை இன்னொருத்தர் அப்ரூவ் பண்ணாம மாத்த முடியாதபடி ரிப்போல (கோடு வெச்சிருக்கற இடம்) செட் பண்ணுங்க, அதையே ஜிபிஜிங்கற டிஜிட்டல் கையெழுத்தோட ஒரு காப்பியும் போட்டு வைங்க.

ப்ராஜெக்ட்டை டிரஸ்ட்டாவோ சொசைட்டியாவோ பதிவு பண்ணியிருந்தா கதை வேற. வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேணும், அந்தப் பணமும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்லதான் முதல்ல வந்து விழணும், பிட்காயினை அங்க எப்படிப் போடுவீங்க? ஆடிட்டரைக் கேக்காம அட்ரஸ் போடவே போடாதீங்க.

தனி ஆளா இருந்தா காயின் வர்ற அன்னிக்கே தேதி, ட்ரான்ஸாக்ஷன் ஐடி, அன்னைய ரூபா மதிப்பு மூணையும் ஒரு ஷீட்ல ஏத்திடுங்க. வித்த வருஷம் ஐடிஆர் 1 போட முடியாது, கிரிப்டோவுக்கான பகுதியான ஷெட்யூல் விடிஏ இருக்கறது ஐடிஆர் 2லயும் 3லயும்தான், அதுல ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியா வாங்கின தேதியோட கேப்பான்.