ரிலே என்னும் காப்புணர்த்தி

வேட்டையில் களைத்த நாய்களுக்கு மாற்றாக, வழியில் நிறுத்திவைக்கும் நாய்க்கூட்டத்துக்குப் பழைய பிரெஞ்சில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது ‘ரிலே’. பிறகு வழியில் மாற்றும் குதிரைகளைக் குறித்தது. தந்தி வந்தபோது மின்னியலுக்குள் நுழைந்தது: நெடுந்தொலைவு ஓடித் தேய்ந்த மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கும்; அது மூடும் தொடுமுனை வழியே அங்குள்ள மின்கலம் செய்தியைத் தொடர்ந்து அனுப்பும்.

தமிழில் ‘அஞ்சல்’ உண்டு. அஞ்சலோட்டத்துக்கும் வானொலிக்கும் அது பொருந்தும், மின்பகிர்மானத்துக்குப் பொருந்தாது. அங்கே ரிலேயின் வேலை கைமாற்றுவதன்று, குறுக்குச்சுற்று போன்ற மின்பிழையை அறிந்து தீர்ப்புச் சொல்வது. ‘உணர்த்தி’ என்பதே சரி. உணர்வது உணரி, உணர்ந்து மற்றொன்றை உணரச்செய்வது உணர்த்தி. பாதுகாப்புக்கானது காப்புணர்த்தி.

இந்தப் பிறவினை விகுதி வெறும் இலக்கணமல்ல. ரிலே மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை; துண்டிப்பது பிரேக்கர் என்னும் பெரிய சுவிட்ச். சி.டி. என்னும் மின்னோட்ட மாற்றி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பெரிய மின்னோட்டத்தை 1 அல்லது 5 ஆம்பியர் அளவுக்குச் சுருக்கித் தருகிறது. வரம்பு மீறினால் ரிலே தன் தொடுமுனையை மூடுகிறது; பேட்டரியின் நேர்மின்னோட்டம் பிரேக்கரை விடுவிக்கும் சுருளான ட்ரிப் காயிலுக்குப் போய், பிரேக்கர் திறக்கிறது. பேட்டரி செத்துக் கிடந்தால், ரிலே பிழையை உணர்ந்தாலும் பிரேக்கர் அசையாது. ‘ரிலே வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் சில உண்மையில் பேட்டரியின் குற்றம்தான்.

எப்போது உணர்த்த வேண்டும் என்பதில்தான் நுட்பம். ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடமான ஃபீடரில் 400 ஆம்பியரை 1 ஆம்பியராக்கும் 400/1 சி.டி., ரிலே இயங்கத் தொடங்கும் அளவான தொடக்க அமைப்பு 400 ஆம்பியர், இயங்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் நேரப் பெருக்கி 0.1 என்று கொள்வோம். மின்னோட்டம் கூடக்கூட நேரம் குறையும் ஐஇசி தரநிலையின் இயல்பு தலைகீழ் வளைகோட்டில் 4000 ஆம்பியர் பிழைக்கு, அதாவது பத்து மடங்குக்கு, ரிலே ஏறத்தாழ 0.3 விநாடியில் இயங்கும். ஃபீடர்களுக்கெல்லாம் மின்சாரம் வந்துசேரும் மேல்தடமான இன்கமரின் ரிலே அதே பிழைக்கு 0.6 விநாடியாவது பொறுக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் கீழ் பிரேக்கர் திறந்து வில்பொறி அணைய வேண்டும், ரிலேக்களின் நேரப் பிசகும் அடங்க வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் ஒரு ஃபீடரின் பிழைக்கு எல்லா ஃபீடர்களும் கிளைக்கும் பொதுக் கடத்தியான பஸ்பார் மொத்தமும் இருளும்.

சோதனைக்காக ரிலேயைக் கழற்றும் முன், ரிலேக்கு மின்னோட்டம் தரும் சி.டி.யின் இரண்டாம் சுற்றின் முனைகளை ஒன்றோடொன்று குறுக்கிணைக்க மறக்கக்கூடாது. சுமை ஓடும்போது அது திறந்துகிடந்தால் முனைகளில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் எழும்.

களத்தில் ‘ரிலே’ என்ற சொல்லே நிலைத்துவிட்டது. பேச்சில் அதை மாற்றத் தேவையில்லை. பாடநூலிலும் கையேட்டிலும் ‘காப்புணர்த்தி’ என்று எழுதலாம். ‘பாதுகாப்புக் கருவி’ என்று மட்டும் எழுதினால் ஃபியூஸும் அதில் அடங்கிவிடும்.