கோல்ஃப் காரில் பேட்டரிக்கு இடமில்லை

என்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரை மாட்டினால் மின்கார் தயார் என்றுதான் பழைய கார் நிறுவனங்கள் பலவும் முதலில் கணக்குப் போட்டன. மோட்டாரால் தொல்லையில்லை, சிறிய பொருள்தான். இடம் கேட்பது பேட்டரி. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கு, தன் கோல்ஃப் என்ற பெட்ரோல் காரையே மின்காராக மாற்றிய இ-கோல்ஃப் 2014-இல் அதைப் புரியவைத்தது.

பெட்ரோல் கோல்ஃபின் அடித்தரை சமமாக இருக்காது. நடுவில் சைலன்சர் குழாய் போக ஒரு மேடு, பின்சீட்டுக்கு அடியில் டேங்க் உட்கார ஒரு குழி. இ-கோல்ஃபின் 318 கிலோ பேட்டரியை இந்த மேட்டுக்குள்ளும் சீட்டுகளுக்கு அடியிலும் கிடைத்த சந்துகளில்தான் அடைக்க முடிந்தது. கொள்ளளவு 24.2 யூனிட், மின்வாரியம் கணக்கெடுக்கும் அதே யூனிட். 2017-இல் மேம்பட்ட செல்களைப் போட்டு 35.8 யூனிட் வரை ஏற்றினார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு. அப்படிப் பார்த்தால் மொத்தப் பேட்டரியும் 4 லிட்டர்தான்! பெட்ரோல் என்ஜின் முக்கால் பங்கைச் சூடாக வெளியே தள்ளிவிடும், மோட்டார் இழப்பதோ பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அந்த 4 லிட்டரில் 231 கி.மீ. என்று ஐரோப்பியச் சோதனையில் காட்ட முடிந்தது.

பேட்டரியைக் குளிர்விக்கத் திரவச் சுற்றும் அதில் இல்லை. நெடுஞ்சாலையில் விரட்டி, விரைவு சார்ஜ் போட்டு, மறுபடி விரட்டினால் செல்களில் ஏறிய சூடு இறங்க நேரம் கிடைக்காது. அடுத்த சார்ஜில் பேட்டரிக் கணினி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்.

ஆகவே தரையையே புதிதாக வரைந்தார்கள். 2019 நவம்பரில் ஜெர்மனியின் ஸ்விக்காவ் ஆலையில் ஐடி.3 என்ற புதிய மின்காரின் தயாரிப்பு தொடங்கியது; 2020 ஜூனில் அங்கே கடைசி பெட்ரோல் கார் இறங்கியது. ஐடி.3-யின் நீளம் 4.26 மீட்டர், கோல்ஃபும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் முன்னால் என்ஜின் அடைத்துக்கொண்டிருக்காததால் முன்சக்கரங்களை மூக்குப் பக்கம் தள்ளி, வீல்பேஸை, அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை, 13 செ.மீ. அளவுக்குக் கூட்டிவிட்டார்கள். சக்கரங்களுக்கு இடையே தட்டையான அலுமினியத் தட்டு. அதில் 9 பேட்டரித் தொகுதிகள் வைத்தால் 58 யூனிட், 12 வைத்தால் 77. அடியில் குளிர்திரவம் ஓடுகிறது. சுமார் 90 கிலோ எடையுள்ள மோட்டார் பின் அச்சில். முடுக்கும்போது காரின் எடை பின்னால் சாயும், அந்தச் சக்கரங்களுக்கே பிடிமானமும் கூடும்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கைப் பார்த்துவிட்டு, செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பலர் முணுமுணுத்தார்கள். அன்றாட ஓட்டத்தில் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி இழுத்துப் பிடிக்கிறது. உராய்வு பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாத டிஸ்க் மழையில் துருப்பிடிக்கும், மூடிய டிரம்முக்கு அந்தப் பாடு இல்லை. சரியான முடிவுதான்.

உண்மையில் இடறியது மென்பொருளில். பழைய முறையில் கண்ணாடி ஏற்ற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, பிரேக்குக்கு ஒன்று என ஏறத்தாழ 70 பெட்டிகள்; ஒவ்வொன்றும் ஒரு சப்ளையரிடமிருந்து அதனதன் நிரலோடு வரும். கார் நிறுவனம் அவற்றை வயரால் கோத்தால் போதும். மின்காரில் ஒரு சார்ஜ் போடவே பேட்டரிக் கணினி, சார்ஜர், குளிர்திரவ பம்ப், திரை எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஐடி.3-க்காகப் பல பெட்டிகளின் வேலையைச் சில மையக் கணினிகளுக்கு மாற்றினார்கள். அந்த நிரல் நேரத்துக்கு முடியவில்லை. 2020 செப்டம்பரில் முதல் கார்கள் சில வசதிகள் இல்லாமலே கைமாறின. 2024-இல் அமெரிக்க மின்கார் நிறுவனமான ரிவியனோடு கைகோத்து, மென்பொருளுக்காக 580 கோடி டாலர் வரை போட ஒப்புக்கொண்டார்கள். இடறலின் விலை இது.

பழைய 12 வோல்ட் பேட்டரி மட்டும் பெரும்பாலான மின்கார்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, இழுத்துப் பிடிப்பது அதுதான். நிறுத்திய காரில் ஏதோ ஒரு கணினி, நிரல் பிழையால் தூங்காமல் விழித்திருந்தால் இந்தச் சின்ன பேட்டரி வடிந்துவிடும். பெரியது நிரம்பியிருந்தாலும் கார் அசையாது. கிளம்ப மறுக்கும் மின்காரில் மெக்கானிக் முதலில் மல்டிமீட்டரை வைப்பது அங்கேதான்: ஈய-அமில வகையென்றால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12-க்குக் கீழே போயிருந்தால் அதைச் சார்ஜ் செய்த பிறகுதான் மற்றச் சோதனைகள்.