மூன்று லிட்டர் ஆயிலை நம்பி ஓடும் டர்போ டீசல்

மதுரையில் எந்த டாக்ஸி ஸ்டாண்டில் பார்த்தாலும் பழைய ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா டீசல் ஒன்றாவது நிற்கும். இவற்றின் பானெட்டுக்கு அடியில் இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின், ஃபியட் வடிவமைத்த 1.3 மல்ட்டிஜெட். ஐரோப்பாவில் 2003இல் வந்தது. 2007இல் ஸ்விஃப்ட் வழியாக நம் சாலையில் இறங்கியது. மாருதி இதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால், இன்று ஓடும் மாருதி டீசல் எல்லாமே வயதான வண்டிகள்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இந்த எஞ்சினின் குணத்தை அறிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கொள்ளளவு 1248 சிசி. நான்கு சிலிண்டர், 16 வால்வு. சிலிண்டர் விட்டம் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. சாதாரண டர்போ உள்ள வகை 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரும். எர்டிகா, சியாஸில் வந்த வகையில் டர்போவின் இறகுகள் வேகத்துக்கேற்பக் கோணம் மாறும். அதில் 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். கிட்டத்தட்ட இதே அளவுள்ள 1.2 பெட்ரோல் எஞ்சினின் டார்க் 115ஐ ஒட்டித்தான் நிற்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் டர்போ.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினேழு பதினெட்டு மடங்கு இறுக்கும்போது அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அதில் பீய்ச்சிய டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. காற்று கூடினால் டீசலையும் கூட்டி எரிக்கலாம். அந்தக் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போவின் வேலை. சைலன்சருக்குப் போகும் சூடான புகையே ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. 2,000 ஆர்பிஎம்முக்குக் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) கீழே புகையில் வேகம் போதாது. அதனால்தான் இந்த வண்டி முதலில் தூங்கிவிட்டுப் பிறகு திடீரென்று பாய்கிறது. இது பழுதல்ல, பிறவிக் குணம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது நான்காவது கியரிலேயே 1,300 ஆர்பிஎம்மில் முக்கவிடாமல், கியரைக் குறைத்து 2,000க்கு மேலே வைத்திருந்தால் பேரிங்குகள் பிழைக்கும். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே திணறும். இது அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

இனி ஆயில். டர்போ தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றக்கூடியது. அதைத் தாங்குவது பால் பேரிங் அல்ல, மெல்லிய ஆயில் படலம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை ஓட்டும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. இரண்டுக்கும் சேர்த்து இருப்பது ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில். பெரிய டீசல்களோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மிச்சமிருப்பது சீக்கிரம் சூடேறி, கரியைச் சுமந்து கெட்டியாகும். அந்தக் கசடு ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். அழுத்தம் விழும், டென்ஷனர் தளரும், செயின் ஆடும். ‘செயின் என்பதால் மாற்றவே வேண்டாம்’ என்று சொல்வார்கள். ஆயிலை ஒழுங்காக மாற்றியவருக்கு மட்டுமே அது செல்லும்.

முதல் அறிகுறி காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கேட்கும் கடகடச் சத்தம். அடுத்து செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கும் கேமும் பொருந்தவில்லை என்ற பி-0016 கோடு வரும். அப்போதே நிறுத்தி செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் நான்கையும் செட்டாக மாற்ற வேண்டும். மாற்றும்போது கிராங்கையும் கேமையும் அதற்குரிய லாக்கிங் பின் போட்டுப் பூட்ட வேண்டும். பெயின்ட் குறி வைத்துச் செய்யும் பட்டறை வேண்டாம். செயின் பல் தாண்டினால் வால்வை அழுத்தும் ராக்கர்கள் உடையும், வால்வும் வளையலாம்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் என்பது கையேட்டுக் கணக்கு. கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் பாதி நாள் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு 7,500 போதும் என்பதே எங்கள் கருத்து. எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். ட்ரெய்ன் போல்ட் வாஷர், ஃபில்டர், அதன் ஓ-ரிங் மூன்றும் புதிதாகப் போட வேண்டும். கையேடு சொல்லும் கிரேடில் ஆயிலைச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. கூடுதல் ஆயில் காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் போனால் டீசல் இல்லாமலே எஞ்சின் அதை எரித்து அலற ஆரம்பிக்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென விட்டு அணைப்பதே அப்போது வழி.

மலை ஏறி வந்தவுடன் சாவியைத் திருகிவிடாதீர்கள். ஓட்டம் நின்ற ஆயில் டர்போ சூட்டில் வெந்து கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். ஊருக்குள் ஓட்டியதற்கு இந்தச் சடங்கு தேவையில்லை.

மேலூர் பக்கம் கிரானைட் தூளில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைப் பாதிக் கெடுவிலேயே மாற்றுங்கள். பிக்கப் குறைந்து கரும்புகை வந்தால் டர்போவைக் கழற்றும் முன் காற்றுக் குழாய்களைத் தடவிப் பாருங்கள். பல நேரம் கிழிந்த ஹோஸ்தான் காரணம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது.

இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கருப்பாகப் படிந்து ‘சஃப் சஃப்’ என்று சத்தம் வந்தால் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிகிறது. விலை அற்பம்தான், ஆனால் தள்ளிப்போட்டால் கரி இறுகி இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகும். பழைய வாஷரை மறுபடி போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஆகவே ஆகாது, உப்புப் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் செத்தது மதுரை வெயிலில் தெரியவே தெரியாது, கொடைக்கானலில் காலை ஆறு மணிக்குத் தெரியும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்தக் கடகடப்பை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். மறுநாள் விடியலில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய், ஆறிய எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள்.