தலைகீழாகப் பின்னும் கூடை

அயர்லாந்தின் மேற்குக் கரையில் முதுகில் மாட்டிச் சுமக்கும் கூடைக்கு க்ரீல் என்று பெயர். வயலுக்கு உரமாகும் கடற்பாசி, உருளைக்கிழங்கு, அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி எல்லாம் அதில்தான் வீடு வந்து சேர்ந்தன. அதைப் பின்னும் விதம் அவ்வளவு அழகு. வில்லோ மரத்தின் தடித்த குச்சிகளை மண்ணில் செவ்வகமாக ஊன்றி, மெல்லிய விளார்களை அவற்றுக்கு முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். தரையோடு இருப்பது கூடையின் வாய். குச்சிகளை மண்ணே இறுகப் பிடித்துக்கொள்வதால் தனியாக அச்சு வேண்டாம். உயரம் வந்ததும் நுனிகளை உள்பக்கம் மடக்கிப் பின்னினால் அடிப்பாகம் தயார். அப்புறம் மண்ணிலிருந்து பிடுங்கி நிமிர்த்த வேண்டியதுதான்.

சரி, விரல் தடிமன் குச்சி ஒடியாமல் எப்படி மடங்குகிறது? எல்லாம் தண்ணீர் செய்யும் வேலை. மரநார்களுக்குள் இருக்கும் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் இடையில் புகுந்தால் அந்தப் பிடி தளர்ந்து நார்கள் சற்றே நழுவ இடம் கிடைக்கிறது. காயும்போது, வளைந்த நிலையிலேயே பிடி மறுபடி இறுகுகிறது. அதனால்தான் காய்ந்த கூடை ஆணியும் பசையும் இல்லாமல் உருவம் கலையாமல் நிற்கிறது.

அப்படியானால் வெட்டிய ஈரத்தோடேயே பின்னிவிடலாமே? பின்னலாம். ஆனால் பச்சை விளார் காயக் காயச் சுருங்கி, பின்னல் தளர்ந்துபோகும். ஆகவே இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டி, நன்றாக உலர்த்தி, தேவைப்படும்போது ஊறவைக்கிறார்கள். பட்டையோடு இருக்கும் ஆறடி விளார் ஊற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பட்டை உரித்ததற்கு ஓரிரு மணி நேரமே போதும். தண்ணீரை அவ்வளவு தடுக்கிறது அந்த மெல்லிய பட்டை! ஊறியதை ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் ஈரம் உள்ளே வரை சமமாகப் பரவும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து அடுத்த ஆண்டுக்கான விளார்கள் நேராகக் கிளம்பிவிடும்.

டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் தோண்டியபோது சுமார் 8,000 ஆண்டுப் பழமையான மீன்பொறிகள் கிடைத்தன. அவையும் பின்னியவைதான், பெரும்பாலும் ஹேசல் என்ற மரத்தின் குச்சிகளால். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் புதைந்திருந்ததால் மட்காமல் தப்பின.

எனக்கு மிகவும் பிடித்தது உருளைக்கிழங்குக் கூடை. ஆழமில்லாத வட்டத்தட்டு போல இருக்கும். வெந்த கிழங்கை இரும்புப் பானையோடு தூக்கி அதில் கவிழ்த்தால் தண்ணீர் விளார் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். பிறகு காலிப் பானையின் மேல் அந்தக் கூடையையே வைத்து, ஆவி பறக்கும் கிழங்கைச் சுற்றி அந்தக் காலத்தில் வீடே உட்கார்ந்து சாப்பிடும். தொட்டுக்கொள்ள உப்பு, குடிக்க மோர்.